மஞ்சள் கட்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பள்ளி முதல்வர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியை எழுதுகிறேன். என் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே வேண்டாம். எந்தப் பள்ளியாக இருந்தாலும் தேர்வு முடிவு வந்த மறுவாரம் நடக்கிற கூட்டம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

போன முறை நடந்ததைச் சொல்கிறேன். முதல்வர் திரையில் ஓர் எக்செல் அட்டவணையைப் போட்டார். இடது ஓரத்தில் எங்கள் பெயர்கள். அடுத்தடுத்து வகுப்புச் சராசரி, தேர்ச்சி விழுக்காடு, போன தேர்வைவிட எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்று ஓர் எண். கடைசிக் கட்டத்தில் நிறம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. எனக்கு மஞ்சள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆசிரியைக்குப் பச்சை. எங்கள் இருவர் சராசரிக்கும் இடையே 2 மதிப்பெண்தான் வித்தியாசம். "மஞ்சள்ல இருக்கிறவங்க அடுத்த தேர்வுக்குள்ள பச்சைக்கு வந்துடணும்" என்றார். "அதுக்கு நான் என்ன செய்யணும் சார்?" என்று கேட்டேன். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் முயற்சி எடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அட்டவணையில் அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த நிறம் என் கோப்பில் ஏறிவிட்டது. ஆண்டு இறுதியில் என்னைப் பற்றிய படிவத்தை அவர் நிரப்பும்போது அந்த மஞ்சள்தான் பேசும், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

எண்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கணக்கு டீச்சர் அப்படிச் சொன்னால் பிள்ளைகளே சிரிப்பார்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: நடுவில் இருக்கிற எங்களை, இந்த மஞ்சள் கட்டக்காரர்களை, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிறுத்தாதீர்கள். அந்த வரிசை மணல்மேல் நிற்கிறது.

ஒரு பள்ளியில் அருமையாகச் சொல்லிக்கொடுப்பவர் யார், வகுப்பை அமைதியாக உட்கார வைக்கவே திணறுபவர் யார் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வராந்தாவில் நாலு முறை நடந்தாலே பிடிபட்டுவிடும். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. பிரையன் ஜேக்கப், லார்ஸ் லெஃப்க்ரென் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு அது) இதைச் சோதித்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்களைப் பற்றி முதல்வர்கள் சொன்ன மதிப்பீட்டையும், அந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் தேர்வில் கண்ட முன்னேற்றத்தையும் அருகருகே வைத்தார்கள். உச்சியில் இருப்பவர்களையும் கடைசியில் இருப்பவர்களையும் முதல்வர்கள் நன்றாகவே அடையாளம் கண்டிருந்தார்கள். நடுவில் இருந்த பெருங்கூட்டத்தில் யார் யாரைவிட மேல் என்று கேட்டபோதுதான் தடுமாறினார்கள்.

சரி, கண் பிரிக்காததை எண் பிரித்துவிடும் என்றுதானே அட்டவணை வருகிறது? எண்ணும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. பீட்டர் ஷோகெட், ஹான்லி சியாங் என்ற இருவர் 2010இல் அமெரிக்கக் கல்வித் துறைக்காக ஒரு கணக்குப் போட்டார்கள். ஓர் ஆசிரியரைச் சராசரி ஆசிரியரோடு ஒப்பிட்டு மேல், கீழ் என்று முடிவு செய்யும்போது, ஓர் ஆண்டுத் தரவை மட்டும் வைத்தால் தவறு நேரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு. மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்து வைத்தாலும் சுமார் 25 விழுக்காடு. அவர்கள் ஆராய்ந்தது பிள்ளைகளின் முந்தைய மதிப்பெண்ணையெல்லாம் கழித்துப் பார்க்கிற முறைகளை. நம் கூட்டத்தில் திரையில் வருவது வெறும் சராசரி.

சராசரி எவ்வளவு லேசாக ஆடும் என்பதற்குப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. 30 பேர் உள்ள வகுப்பு, சராசரி 62 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1860. வழக்கமாக 70 வாங்கும் இரண்டு பிள்ளைகள் தேர்வன்று காய்ச்சலோடு வந்து, பாதியில் தலையைக் கவிழ்த்துப் படுத்து, ஆளுக்கு 10 வாங்குகிறார்கள். மொத்தத்தில் 120 போனது. சராசரி 58. ஆசிரியர் செய்தது எதுவும் மாறவில்லை, வகுப்பு 4 மதிப்பெண் இறங்கிவிட்டது. என்னையும் பக்கத்து நாற்காலிக்காரரையும் பிரித்தது 2 என்பதை மறுபடி நினைவுபடுத்துகிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் பெயருக்கு நேரே இருக்கிற எண்ணில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

எந்தப் பிரிவு யாருக்கு என்று முடிவு செய்வது நீங்கள். எந்தப் பாடவேளை யாருக்கு என்பதும் நீங்கள். மதிய உணவு முடிந்து பிள்ளைகள் கண் சொக்கும் நேரத்தில் ஆண்டு முழுக்க எனக்குக் கணக்கு வகுப்பு, இன்னொருவருக்குக் காலை முதல் வேளை. ஆண்டு நடுவில் ஒரு பையன் சேர்கிறான். இரண்டு பள்ளி மாறி வந்தவன், பெருக்கல் வாய்ப்பாடே தகராறு. "உங்க கிளாஸ்ல போட்டாத்தான் டீச்சர் அவன் சரிப்படுவான்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், பெருமையாகக்கூட இருக்கும். அந்த மாதிரி மூன்று பேரை ஏற்றுக்கொண்ட ஆண்டில்தான் என் கட்டம் மஞ்சளானது. சமாளிப்பார் என்று நம்பிக் கொடுத்த சுமையே பிறகு சமாளிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக வருகிறது. கூட்டத்தில் அந்த மூன்று பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லையே.

பிள்ளைகளைப் பிரிவு பிரிப்பது சீட்டுக் குலுக்கல் இல்லை என்பது எண்களிலேயே தெரியும். ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் என்ற பொருளியல் ஆய்வாளர் அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாநிலத் தரவை வைத்து 2010இல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் யார் என்று பார்த்தால், அந்தப் பிள்ளைகள் முந்தைய ஆண்டு நான்காம் வகுப்பில் கண்ட முன்னேற்றத்தைக் கணிக்க முடிந்தது! இன்னும் வகுப்புக்குள் காலே வைக்காத ஆசிரியர் போன ஆண்டு மதிப்பெண்ணை மாற்றியிருக்க முடியாது. யாரிடம் எந்தப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கு ஆசிரியரின் திறமை என்ற பெயரில் கணக்கில் ஏறிவிடுகிறது.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. ராஜ் செட்டி, ஜான் ஃபிரீட்மன், ஜோனா ராக்காஃப் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவில் 25 லட்சம் பிள்ளைகளின் தரவைப் பின்தொடர்ந்து 2014இல் எழுதினார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணை நன்றாக உயர்த்திய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் பிற்காலத்தில் கல்லூரிக்குப் போவதும் சம்பாதிப்பதும் கூடுதலாக இருந்தது என்றும், பிரிவு பிரிப்பதால் வரும் கோணல் சிறியதுதான் என்றும் வாதிட்டார்கள். இந்தச் சண்டை ஓயவில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால் பிள்ளையின் வாழ்க்கை மாறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் பல லட்சம் பேரின் தரவில் தெரிகிற உண்மையை வைத்துக்கொண்டு 30 பேர் உள்ள ஒரு வகுப்பின் ஆசிரியைக்கு நிறம் பூச முடியாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் அதே 2014இல் வெளியிட்ட அறிக்கையில், மாணவர் மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 விழுக்காடு வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாகச் சொன்னது. மீதியில் வீடு, உடல்நிலை, முன்பு படித்தது, பள்ளி எல்லாம் அடக்கம். பள்ளி என்றால் நீங்களும்தான்.

நீதிமன்றம் வரை போன கதைகளும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியை மாணவர் முன்னேற்றத்துக்கான மதிப்பீட்டில் ஓர் ஆண்டு 20க்கு 14 வாங்கினார், மறு ஆண்டு 20க்கு 1. பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணோ இரண்டு ஆண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். 2016இல் நீதிபதி அந்த 1ஐ ரத்து செய்தார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்தது இன்னும் விசித்திரம். ஆசிரியர் மதிப்பெண்ணைக் கணக்கிட்டது ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள். சூத்திரம் வணிக ரகசியம் என்பதால் தனக்கு வந்த எண் சரியா என்று சரிபார்க்க ஆசிரியருக்கு வழியே இல்லை. சரிபார்க்க முடியாத எண்ணை வைத்து ஒருவரின் வேலையைப் பறிப்பது முறையா என்ற கேள்வியை விசாரிக்கத்தான் வேண்டும் என்று 2017இல் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அந்த நகரின் பள்ளி மாவட்டம் சமரசத்துக்கு வந்தது. கணக்குத் தேர்வில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

"எண்ணைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால்தான் வேலை நடக்கும்" என்று உங்களில் சிலர் நினைப்பது தெரியும். இறுக்கிப் பிடித்தால் என்ன நடக்கும் என்று உலகம் ஒரு முறைக்குப் பல முறை பார்த்துவிட்டது. இங்கிலாந்தில் 1862இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தவறும் ஒவ்வொரு பாடத்துக்கும் பள்ளியின் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள், சோதனையில் வராத பாடங்கள் சுருங்கின. அந்த முறையைக் கைவிட முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்தது உங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை. அங்கே அப்போது தேர்வு மதிப்பெண் ஏறாவிட்டால் முதல்வர்களின் பதவிக்கே ஆபத்தாக இருந்தது. 2011இல் வந்த அரசு விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் விடைத்தாள்களில் முறைகேடு நடந்ததாகச் சொன்னது. பிள்ளைகள் குறித்த தவறான விடையை அழித்துவிட்டுப் பெரியவர்கள் சரியானதைக் குறித்திருந்தார்கள். அறிக்கையில் பெயர் வந்த 178 பேரில் 38 பேர் முதல்வர்கள். அவர்களும் ஒரு காலத்தில் சாக்பீஸ் பிடித்த ஆசிரியர்களாக இருந்தவர்கள்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

நம் பள்ளிகளில் ரப்பர் எடுத்து அழிப்பதில்லை. அதைவிட அமைதியான ஒன்று நடக்கிறது. தேர்ச்சி விழுக்காட்டை வைத்து என்னை அளந்தால், நான் யாரைப் பார்ப்பேன்? தேர்ச்சிக் கோட்டுக்கு நாலைந்து மதிப்பெண் கீழே நிற்கிற ஆறேழு பேரை. அவர்களை மாலையில் உட்கார வைத்து, வர வாய்ப்புள்ள பத்துக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட வைப்பேன். நன்றாகப் படிப்பவளுக்கு நான் தேவையில்லை. ரொம்பக் கீழே இருப்பவன் எப்படியும் கோட்டைத் தாண்டப் போவதில்லை. அவனை விட்டுவிடுவேன். இதைத் தீய எண்ணத்தோடு யாரும் செய்வதில்லை. நானே செய்திருக்கிறேன், ஒரு முறை. டெரெக் நீல், டயேன் ஷான்சென்பாக் இருவரும் சிகாகோ நகர ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2010இல் எழுதியதும் இதுதான்: பள்ளிகளைத் தேர்ச்சிக் கணக்கை வைத்து அளக்கத் தொடங்கியபின் நடுவில் இருந்த பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது, அடியில் இருந்தவர்களுக்கு ஏறவில்லை. நான் விட்டுவிட்ட அந்தப் பையனின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆண்டு என் கட்டம் பச்சை.

இனி, எண் எப்போது உதவியது என்று சொல்கிறேன்.

அந்த மஞ்சள் கூட்டம் முடிந்த அன்று மாலை, பக்கத்து நாற்காலி ஆசிரியையும் நானும் இரண்டு பிரிவின் விடைத்தாள்களையும் ஆசிரியர் அறை மேசையில் பரப்பினோம். கேள்வி கேள்வியாக, எத்தனை பேர் சரி, எத்தனை பேர் தவறு, தவறியவர்கள் என்ன எழுதினார்கள் என்று கோடு போட்டு எண்ணினோம். ஒரு கேள்வி: 3/4, 5/8 இவற்றில் எது பெரியது? என் பிரிவில் பாதிக்கு மேல் 5/8 என்று எழுதியிருந்தார்கள். 5 பெரியது, 8 பெரியது, ஆகவே 5/8 பெரியது. பின்னத்தை ஓர் எண்ணாகப் பார்க்காமல் மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அவர் பிரிவில் அந்தத் தவறு மிகக் குறைவு. எப்படி என்று கேட்டேன். விதியைச் சொல்வதற்கு முன் ஒரு வாரம் காகிதத்தை மடித்து மடித்து நிழலிட வைத்தாராம். நான் நேராக, கீழே இருக்கிற எண்களைச் சமமாக்கும் பொதுப் பகுதி முறைக்குப் போயிருந்தேன், நேரம் மிச்சம் என்று. அதே நேரம், பரப்பளவுக் கேள்விகளில் அவர் பிள்ளைகள் சுற்றளவைப் போட்டுக் குழப்பியிருந்தார்கள், என் பிள்ளைகள் தப்பித்திருந்தார்கள். பச்சைக்காரரிடம் நான் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது, மஞ்சள்காரியிடம் அவர் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது. சராசரி என்று ஒன்றாகக் கலக்கியபோது இரண்டும் காணாமல் போய்விட்டன. அந்த வேலைக்கு எங்களுக்கு ஆனது இரண்டரை மணி நேரம். உங்கள் கூட்டமும் இரண்டரை மணி நேரம்தான் நடந்தது.

இன்னொன்று பழைய கதை. வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில் எனக்கு வேறொரு தலைமையாசிரியை இருந்தார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் படிவம் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் கைக்கடிகாரமும்தான். இரண்டு பாடவேளை முழுக்க இருந்தார். மறுநாள் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் காட்டினார். பெரும்பாலும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதியிருந்தது. "கேள்வி கேட்டுட்டு எத்தனை நொடி பொறுத்தீங்கன்னு எண்ணினேன்மா. ஒரு நொடிதான். அப்புறம் நீங்களே பதில் சொல்லிடறீங்க. அதுங்க யோசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சு போயிடுது" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, இதை மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார் என்று. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாய் திறக்காதவர்களும் திறக்கிறார்கள்.

அதுவும் எண்தான், அதுவும் என் செயல்திறனைப் பற்றிய டேட்டாதான். ஆனால் மறுநாள் காலை வகுப்பில் நான் எதை மாற்ற வேண்டும் என்பது அதிலேயே இருந்தது. இன்றைக்கும் கேள்வி கேட்டபின் மனதுக்குள் மூன்று வரை எண்ணுகிறேன். 62.4 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நாளைக் காலை நான் என்ன செய்வேன்?

வகுப்புக்கு வந்து பார்ப்பதிலும் கோணல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பை எடுப்பவருக்கு, பார்வையிடுபவர்கள் கூடுதல் மதிப்பெண் கொடுத்துவிடுகிறார்கள் என்று அமெரிக்காவின் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2014இல் காட்டியது. பளிச்சென்று பதில் சொல்லும் வகுப்பில் ஆசிரியரும் பளிச்சென்றுதானே தெரிவார். ஆகவே ஒரு நாள் வந்து பத்து நிமிடம் நின்று படிவத்தில் டிக் அடித்துவிட்டுப் போவது போதாது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஓர் ஆசிரியரின் மதிப்பீட்டு ஆண்டில் வகுப்பை நான்கு முறை பார்த்தார்கள். மூன்று முறை வேறு பள்ளியிலிருந்து வந்த அனுபவமுள்ள ஆசிரியர், ஒரு முறை சொந்தப் பள்ளியின் நிர்வாகி. எரிக் டெய்லர், ஜான் டைலர் இருவரும் இதை ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். அனுபவமுள்ள, நடுவயது ஆசிரியர்கள்கூட முன்னேறினார்கள், அவர்களிடம் படித்த பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் அந்த ஆண்டு மட்டுமல்ல, மதிப்பீடு முடிந்த அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஏறியது. எங்களைப் போன்ற மஞ்சள் கட்டக்காரர்களும் அசைவோம், யாராவது உட்கார்ந்து பார்த்தால்.

நேரம் எங்கே என்பீர்கள். கட்டடம், கட்டணம், பெற்றோர், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை என்று உங்கள் நாளும் சிதறிப்போவது எனக்குத் தெரியும். மேலிடம் கேட்கிற எண்ணை நீங்கள் அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்புங்கள். ஆனால் மேலே அனுப்புகிற அதே தாளைத் திருப்பிப் போட்டு எங்கள் தரச் சான்றிதழாக ஆக்காதீர்கள். சிவப்பில் இருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள், அவருக்கு உதவி தேவை, எங்களுக்கும் அது தெரியும். திரையில் பெயரோடு நிறத்தைக் காட்டுவதை நிறுத்துங்கள். கேள்விவாரியான கணக்கை எங்கள் கையில் கொடுத்து, ஒரே பாடம் எடுக்கிற நாலு பேரை ஒரு மாலை ஒன்றாக உட்கார விடுங்கள். பிரிவு பிரிக்கும்போது யாருக்கு யாரை அனுப்பினீர்கள் என்பதை நீங்களே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், மதிப்பீட்டுப் படிவத்தைத் திறக்கும் நாளில் அந்த நோட்டையும் திறங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் பின்னங்களை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன், இந்த முறை காகிதம் மடிப்பதிலிருந்து. கடைசி பெஞ்சில் இடம் இருக்கிறது. அந்த மூன்று பேரில் ஒருவன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் நகர்வான். கைக்கடிகாரம் இருந்தால் கட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை